பழைய லாரி இன்ஜினுக்கு ஃபுல் வேலை: பார்ட்ஸ் வாங்கும் முன் படிக்க வேண்டிய முழு வழிகாட்டி

மேட்டில் இழுக்காமல், நீலப் புகை விட்டுக்கொண்டு ஒரு லாரி பட்டறைக்கு வருகிறது. ஆயில் குடிக்கிறது என்று டிரைவர் சொல்கிறார். "சரி, ஃபுல் வேலை பார்த்துடலாம்" என்று ஓனர் முடிவு செய்கிறார். மறுநாள் காலையில் பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட் என்று இரண்டு அட்டைப்பெட்டி நிறையப் பார்ட்ஸ் பட்டறை வாசலில் வந்து இறங்கிவிடுகிறது. இன்ஜின் இன்னும் வண்டியை விட்டே இறங்கவில்லை. பிஸ்டன் ஏறி இறங்கும் துளையான போர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் எந்த அளவில் இருக்கிறது, யாருக்கும் தெரியாது.

சங்ககிரி, நாமக்கல் பக்கம் இன்ஜின் வேலை பார்க்கிறவன் நான். ஓனர்களின் பணம் வீணாவதை நான் அதிகம் பார்த்தது இந்த அவசரத்தில்தான். ஸ்டாண்டர்ட் சைஸ் பிஸ்டன் வாங்கி வைத்திருப்பார்கள், போர் ஓவர்சைஸ், அதாவது அதைவிடப் பெரிய அளவு, கேட்கும். பத்து தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு; பத்து தௌ ஏறக்குறைய 0.25 மில்லிமீட்டர்) பேரிங் வாங்கி வைத்திருப்பார்கள், கிராங்க் ஏற்கெனவே இருபது தௌ தேய்க்கப்பட்டிருக்கும். கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார். "இருக்கிறதை வெச்சு எப்படியாவது கட்டிடுங்க" என்ற பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கிறது. முதலில் அளவு, அதற்கு அப்புறம் பார்ட்ஸ். கீழே சொல்லும் எல்லாப் படியும் இந்த வரிசையைக் காப்பாற்றத்தான்.

உதாரணத்துக்கு டாடா கம்மின்ஸ் 5.9 லிட்டர், அதாவது 6பிடி இன்ஜினை எடுத்துக்கொள்கிறேன். பழைய டாடா லாரிகளிலும் டிப்பர்களிலும் இன்னும் ஏராளமாக ஓடுகிறது. ஆறு சிலிண்டர், போர் 102 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 120, மொத்தம் 5,883 சிசி. டாடாவும் கம்மின்ஸும் 1993ல் கூட்டாகத் தொடங்கிய கம்பெனி ஜாம்ஷெட்பூரில் இதைச் செய்தது. உங்களுடையது டாடா 697 என்றாலோ லேலண்ட் என்றாலோ எண்கள் மாறும், செய்யும் வரிசை மாறாது. அந்தந்த இன்ஜினின் மேனுவல் எண்களை வைத்துக்கொண்டு இதே வழியில் போகலாம்.

முதல் படி: பிரிக்கும் முன்னாலேயே காரணத்தைப் பிடியுங்கள்

இன்ஜின் ஏன் போனது என்று தெரியாமல் புது பார்ட்ஸ் போட்டால், அதே காரணம் புதுசையும் தின்னும். எனவே ஸ்பேனரை எடுக்கும் முன் வண்டியைச் சுற்றி ஒரு அரை மணி நேரம் பாருங்கள்.

ஏர் கிளீனரிலிருந்து டர்போவுக்குப் போகும் ஹோஸைக் கழற்றி உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மண் ஒட்டினால் இந்த இன்ஜின் தூசி குடித்திருக்கிறது. கல்குவாரி, செங்கல் சூளை வண்டிகளில் இது சகஜம். ஹோஸில் ஒரு சின்ன வெடிப்போ கிளாம்ப் தளர்வோ போதும். தூசி குடித்த இன்ஜினில் போரின் மேல்பகுதி சாப்பிடப்பட்டிருக்கும், ரிங்குகள் கத்தி மாதிரி கூர்மையாகத் தேய்ந்திருக்கும். அப்படியானால் உங்கள் பார்ட்ஸ் லிஸ்டின் முதல் வரியிலேயே புது ஹோஸ், புது கிளாம்ப், ஏர் ஃபில்டர் மூன்றையும் எழுதிவிடுங்கள். பிஸ்டன் கிட்டோடு ஒப்பிட்டால் இதன் விலை ஒன்றுமே இல்லை, ஆனால் பிஸ்டன் கிட்டின் ஆயுள் இதன் கையில்தான் இருக்கிறது.

அடுத்தது பிரீதர், அதாவது இன்ஜினுக்குள் சேரும் காற்று வெளியேறும் குழாய். இன்ஜின் சூடான நிலையில் பிரீதர் குழாயில் காற்று பலமாக அடித்தால் ரிங் பக்கம் சந்தேகம். பிரீதர் அமைதியாக இருந்தும் ஆயில் குறைகிறது என்றால் வால்வு சீல், கைடு, டர்போ சீல் பக்கம் போங்கள். டர்போ ஒழுகி நீலப் புகை வரும் வண்டிக்குப் போர் வேலை பார்த்து அனுப்பி, அப்புறமும் புகை நிற்காமல் திரும்பி வந்த கதைகள் எல்லா ஊர்ப் பட்டறையிலும் உண்டு. டீசல் சரியாக எரியாவிட்டால் கரும்புகை, கூலன்ட் கலந்த தண்ணீர் உள்ளே போனால் இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை. ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஆயில் மிதக்கிறதா என்றும் பாருங்கள். மிதந்தால் ஆயில் கூலரோ ஹெட் கேஸ்கெட்டோ குற்றவாளி.

இரண்டாம் படி: இன்ஜின் பிளேட்டைப் படியுங்கள்

ஒரே வரிசை டாடா லாரியில் 697 இன்ஜினும் வந்திருக்கிறது, கம்மின்ஸும் வந்திருக்கிறது. பழைய வண்டியில் நடுவில் யாராவது இன்ஜினையே மாற்றியும் இருக்கலாம். அதனால் கேபினில் ஒட்டியிருக்கும் பெயரைச் சொல்லிப் பார்ட்ஸ் கேட்காதீர்கள்.

கம்மின்ஸ் இன்ஜினில் கியர் கேஸ் பக்கத்தில் ஒரு உலோகப் பிளேட் இருக்கும். கிரீஸும் மண்ணும் மூடியிருக்கும், டீசலில் துணியை நனைத்துத் துடைத்தால் எழுத்து தெரியும். அதில் இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று இன்ஜின் சீரியல் நம்பர். இன்னொன்று சிபிஎல் நம்பர். இந்த இன்ஜினுக்குள் எந்தப் பிஸ்டன், எந்த கேம் ஷாஃப்ட், எந்த டர்போ, எந்த நாசில் என்று கம்பெனி முடிவு செய்த ஜோடியைச் சொல்வது இந்த சிபிஎல் எண்தான்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? 5.9 என்று சொல்லிக் கேட்டால் கடையில் 102 மில்லிமீட்டர் பிஸ்டன் ஒன்றைத் தருவார்கள். போருக்குள் அழகாக இறங்கும். ஆனால் பிஸ்டன் தலையில் இருக்கும் குழி, நாம் பௌல் என்கிறோமே, அது எல்லாவற்றிலும் ஒன்று இல்லை. குழியின் வடிவமும் ஆழமும் நாசில் தெளிக்கும் கோணத்தோடு சேர்த்து வடிவமைக்கப்பட்டது. இன்டர்கூலர் உள்ள இன்ஜினின் பிஸ்டனை இன்டர்கூலர் இல்லாததில் போட்டாலோ, வேறு ஹார்ஸ்பவர் ரகத்தின் நாசிலைப் போட்டாலோ டீசல் குழிக்கு வெளியே அடிக்கும். புகை, மைலேஜ் குறைவு, கடைசியில் பிஸ்டன் தலை உருகுவது வரை போகும். பிளேட்டை மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பழைய பிஸ்டன் ஒன்றையும் கையில் எடுத்துக்கொண்டு போய், புதுசின் குழியோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பிளேட் இல்லாமல் போயிருந்தால், பழைய பார்ட்டுகளில் அடித்திருக்கும் எண்களை ஒவ்வொன்றாக எழுதி எடுப்பது ஒன்றுதான் வழி. நேரம் பிடிக்கும், ஆனால் செய்யத்தான் வேண்டும்.

மூன்றாம் படி: பிரித்து, கழுவி, அளந்து எழுதுங்கள்

இன்ஜினைப் பிரிக்கும்போதே சிலிண்டர் நம்பர் போட்டு வையுங்கள். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கன்ராடும் அதன் கேப்பும் ஜோடி, கிராங்கைப் பிளாக்கில் பிடித்து வைக்கும் மெயின் கேப் அதன் இடத்துக்கு மட்டுமே சொந்தம். மாறிப்போனால் எந்தப் புது பேரிங்கும் காப்பாற்றாது.

பழைய பேரிங்குகளைத் தூக்கிப் போடாதீர்கள். கழுவி, கழற்றிய வரிசையிலேயே ஒரு பலகையில் அடுக்குங்கள். எல்லாம் ஒரே மாதிரி மங்கலாகத் தேய்ந்திருந்தால் வயதுத் தேய்மானம். கோடு கோடாகக் கீறியிருந்தால் ஆயிலில் மண் போயிருக்கிறது. ஒரே ஒரு கன்ராட் பேரிங் மட்டும் ஒரு ஓரத்தில் தேய்ந்திருந்தால் அந்தக் கன்ராட் வளைந்திருக்கிறது. நடு மெயின் பேரிங் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் கிராங்க் வளைவையோ பிளாக்கின் லைன் போரையோ (மெயின் பேரிங் துளைகள் ஒரே நேர்கோட்டில் நிற்பது) சந்தேகப்படுங்கள். பேரிங்கின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டாண்டர்டா, 0.25ஆ, 0.50ஆ என்று அங்கே அடித்திருக்கும். முந்தைய மெக்கானிக் கிராங்கை எவ்வளவு தேய்த்தார் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் போர் கேஜ். இந்த இன்ஜினில் தனியாக லைனர் கிடையாது, சிலிண்டர் பிளாக்கிலேயே குடையப்பட்டது. மேலே ரிங் திரும்பும் இடம், நடு, கீழ் என்று மூன்று உயரத்தில், கிராங்குக்கு நேராகவும் குறுக்காகவும் அளக்க வேண்டும். ஒரு சிலிண்டருக்கு ஆறு அளவு, ஆறு சிலிண்டருக்கு முப்பத்தாறு. போர் 102.116 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, வட்டம் கெட்டது 0.038ஐத் தாண்டினாலோ, மேலுக்கும் கீழுக்கும் சரிவு 0.076ஐத் தாண்டினாலோ அந்தப் போர் ரீபோருக்கு, அதாவது பெரிதாகக் குடைய, போக வேண்டும். விரல் நகத்தால் தடவிப் பார்த்து "படி விழலை, ரிங் மட்டும் மாத்தினா போதும்" என்று சொல்லும் பழக்கத்தை நம்பி ஓனர்கள் ஏமாறக் கூடாது. நகத்துக்கு 0.04 மில்லிமீட்டர் தெரியாது.

எல்லா அளவையும் ஒரு தாளில் எழுதி ஓனரிடம் ஒரு நகல் கொடுங்கள். ஓனராக இருந்தால் கேட்டு வாங்குங்கள். இந்தத் தாள்தான் உங்கள் பார்ட்ஸ் லிஸ்ட்.

நான்காம் படி: போரும் பிஸ்டனும்

அளவு எல்லைக்குள் இருந்தால் லேசாக ஹோனிங் செய்து (கல்லால் போரின் சுவரைத் தேய்த்து) ஸ்டாண்டர்ட் ரிங் போடலாம். எல்லை தாண்டினால் 0.50 ஓவர்சைஸ், அடுத்தது 1.00 ஓவர்சைஸ். அதற்கும் மேலே போனால் ஸ்லீவ் என்ற உலோகக் குழாயைப் போருக்குள் அடித்துத் திரும்ப ஸ்டாண்டர்டுக்குக் கொண்டுவரலாம். பல ஓனர்கள் ஸ்லீவ் என்றாலே பயப்படுகிறார்கள். நல்ல லேத்தில், சரியான இறுக்கத்தில் அடித்த ஸ்லீவ் நன்றாகவே ஓடும். பயப்பட வேண்டியது அவசரமாக அடித்த ஸ்லீவுக்குத்தான். ஸ்லீவ் போட்ட பிறகு பிளாக் முகத்தை ஃபேசிங் பார்த்தார்களா, அதாவது சமமாகச் செதுக்கினார்களா என்று கேளுங்கள்; ஸ்லீவ் முகத்தோடு சமமாக நிற்கிறதா என்று நேரான இரும்பு ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.

பிஸ்டனை வாங்கி லேத்காரரின் கையில் கொடுத்த பிறகே கடைசி அளவுக்குப் போர் போடச் சொல்லுங்கள். 0.50 ஓவர்சைஸ் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் ஒவ்வொரு பிஸ்டனையும் ஸ்கர்ட்டில், பின்னுக்குக் குறுக்காக, மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். பிஸ்டன் தயாரித்தவர் சொல்லும் இடைவெளியைக் கூட்டித்தான் போர் முடிவாகும். இதில் எண்ணூறு ரூபாய் மிச்சம் பிடிக்க லேத்தை மாற்றாதீர்கள். பார்ட்ஸ் எவ்வளவு நல்ல கம்பெனி என்றாலும் லேத் கெடுத்துவிட்டால் கெட்டதுதான்.

பிஸ்டனில் கடையிலேயே பார்க்க வேண்டியவை சில உண்டு. டாப் ரிங் பள்ளத்தில் அலுமினியத்துக்குள் ஒரு இரும்பு வளையம் பதித்திருக்கும், நிறம் கொஞ்சம் மாறித் தெரியும். டர்போ டீசலில் டாப் ரிங்கின் அடியைத் தாங்குவது அதுதான். டம்மி பிஸ்டன் சிலவற்றில் அது இருக்காது, அல்லது அலுமினியத்தோடு ஒட்டாமல் முடி அளவு இடைவெளி தெரியும். ஆறு பிஸ்டனையும் கடைத் தராசில் ஒவ்வொன்றாக வையுங்கள். ஒரு செட்டுக்குள் எடை ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் பல கிராம் விலகினால் செட் கலந்திருக்கிறது, மாற்றித் தரச் சொல்லுங்கள்.

ரிங்கைப் பிஸ்டன் கம்பெனியிலேயே வாங்குவது நல்லது. டாப் ரிங் ஆப்பு வடிவில் இருக்கும், பள்ளமும் அதே கோணத்தில் இருந்தாக வேண்டும். ஒவ்வொரு ரிங்கையும் போருக்குள் இறக்கி, பிஸ்டனைத் தலைகீழாக வைத்து நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜில் வாய் இடைவெளியைப் பாருங்கள். ரிங் பாக்கெட்டில் அச்சிட்ட அளவுக்குக் குறைந்தால் சூட்டில் முட்டி உடையும். மிக அதிகமாக இருந்தால் போர் தப்பு, இல்லை ரிங் சைஸ் தப்பு.

ஹோனிங் முடிந்த பிளாக்கை டீசலில் மட்டும் கழுவிவிட்டு நிறுத்தாதீர்கள். சுடுதண்ணீரும் சோப்பும் போட்டு பிரஷ்ஷால் தேய்த்து, வெள்ளைத் துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை கழுவி, உடனே ஆயில் தடவுங்கள். டீசல் அந்தக் கல்பொடியை நகர்த்தும், எடுக்காது.

ஐந்தாம் படி: கிராங்க், கன்ராட், பேரிங்

பட்ஜெட் குறைவாக இருக்கும்போது மேலே தெரிகிற பார்ட்ஸில் தாராளமாக இருந்துவிட்டு அடியில் கை வைக்கிறார்கள். நான் தலைகீழாகச் சொல்வேன். ரிங் தேய்ந்தால் புகையும் ஆயில் செலவும், அவ்வளவுதான். வண்டி வீடு வந்து சேரும். பேரிங் பிடித்தால் நடுரோட்டில் கன்ராட் பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். பிளாக்கும் போய், கிராங்கும் போய், டோயிங் செலவும் சேரும்.

ஜர்னல் என்பது கிராங்கில் பேரிங் உட்காரும் உருளைப் பகுதி. 6பிடியில் மெயின் ஜர்னல் 83 மில்லிமீட்டர், கன்ராட் ஜர்னல் 69. கிராங்கை முதலில் காந்தப் பொடி வைத்து வெடிப்பு சோதனை செய்யச் சொல்லுங்கள், அப்புறம் வளைவு பாருங்கள், அதன் பிறகே கிரைண்டிங். வெடிப்புள்ள கிராங்கைத் தேய்த்துப் பேரிங் வாங்கினால் இரண்டு செலவும் வீண். கிரைண்டிங் 0.25, 0.50, 0.75, 1.00 என்ற படியில் போகும். ஒரு படிக்குள் முடியும் என்றால் அதற்கு மேல் தேய்க்க விடாதீர்கள், மீதமுள்ள படிகள்தான் அந்தக் கிராங்கின் மிச்ச ஆயுள். ஜர்னலின் இரு ஓரத்திலும் இருக்கும் உருண்டை வளைவு அப்படியே திரும்ப வந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அந்த இடம் கூர் மூலையாகிவிட்டால் கிராங்க் அங்கேதான் உடையும்.

கிரைண்டிங் முடிந்து வந்த அளவை வைத்துத்தான் பேரிங் வாங்க வேண்டும். மெயினும் கன்ராடும் வேறு வேறு அண்டர்சைஸாக இருக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் ஒரு செட்டுக்குள் இரண்டு கம்பெனியைக் கலக்காதீர்கள். சுவரின் தடிமனில் சின்ன வித்தியாசம் இருக்கும், ஆயில் பிடிக்கும் இடைவெளி ஒவ்வொரு ஜர்னலுக்கும் ஒவ்வொரு மாதிரி ஆகும். பிளாக் பக்கத்து மெயின் பேரிங்கில் இருக்கும் ஆயில் துளை பிளாக்கின் துளையோடு சரியாகச் சேர்கிறதா பாருங்கள். பிஸ்டனின் அடியில் ஆயில் அடிக்கும் சின்ன நாசில்களை ஒவ்வொன்றாக ஊதிப் பாருங்கள். அடைத்த ஒரு நாசில் போதும், அந்தப் பிஸ்டன் சூட்டில் போரைக் கவ்விக்கொள்ளும்.

நல்ல பேரிங்கைக் கையில் எடுத்தால் தெரியும். ஓட்டை இல்லாத மழமழப்பு, ஓரத்தில் பிசிறு இல்லாத வெட்டு, முதுகில் ஆழமாக விழுந்த எழுத்து. கேப்பில் வைத்து அமுக்கும்போது லேசாக விரிந்து கவ்விக்கொள்ள வேண்டும். தொளதொளவென்று உள்ளே விழுந்தால் அதைப் போடாதீர்கள். பேரிங் பொருத்தி கேப்பை முழு டார்க்கில் முறுக்கி, பிளாஸ்டிகேஜ் வைத்து இடைவெளி பார்க்கிற பழக்கம் நம் பக்கம் குறைவு. ஒரு சின்னப் பிளாஸ்டிக் நூல், அவ்வளவுதான். மெக்கானிக்கிடம் கேளுங்கள், இல்லையென்றால் நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

ஆறாம் படி: ஆயில் கூலர், பம்ப்

பல வருடம் முன்பு கன்ராட் பேரிங் பிடித்த ஒரு டிப்பர் வந்தது. கிராங்க் கிரைண்டிங், புதுப் பேரிங், புது ரிங், எல்லாம் ஒழுங்காகப் பார்த்துக் கட்டி அனுப்பினேன். மூன்றாவது வாரம் அதே சத்தத்தோடு திரும்பி வந்தது. அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்பைக் கழற்றினால் புதுப் பேரிங் முழுக்கக் கோடு. எங்கே தப்பு என்று புரியாமல் ஒவ்வொன்றாகக் கழற்றி, கடைசியில் ஆயில் கூலரைத் தட்டையாகப் படுக்க வைத்து டீசல் ஊற்றி ஆட்டினேன். தட்டில் வடிந்த டீசலில் மினுமினுவென்று உலோகப் பொடி. பழைய பேரிங் உடைந்தபோது போய் உள்ளே ஒளிந்திருந்தது.

கூலரைத் தாண்டித்தானே ஃபில்டர் இருக்கிறது, அது பிடிக்காதா என்று கேட்பீர்கள். ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போதும் ஃபில்டர் அடைத்திருக்கும்போதும் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலையே பேரிங்குக்கு அனுப்பும். ஒவ்வொரு நாள் காலை ஸ்டார்ட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பொடி போகும். அந்த வண்டிக்கு அடுத்த கிராங்க் வேலையை என் செலவில் செய்து கொடுத்தேன்.

அன்றிலிருந்து என் வழி இதுதான்: பேரிங் உடைந்த இன்ஜினுக்கு ஆயில் கூலர் புதுசு. கழுவினால் போய்விடும் என்று நம்ப மாட்டேன், அந்தத் தட்டுகளுக்கு நடுவே எதுவும் முழுசாக வெளியே வராது. பேரிங் நன்றாக இருந்த இன்ஜின் என்றால் கூலரைத் தண்ணீரில் மூழ்க வைத்துக் காற்றழுத்தம் கொடுத்துக் குமிழி வருகிறதா பார்த்துவிட்டுப் பயன்படுத்தலாம். ஆயில் பம்ப் உள்ளே கோடு விழுந்திருந்தால் புதுசு. பிரஷர் வால்வின் ஸ்பிரிங்கையும் பிளஞ்சரையும் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். டர்போவுக்குப் போகும் ஆயில் பைப்பையும் மறக்காதீர்கள்.

ஏழாம் படி: ஹெட், கேம், கியர் கேஸ்

ஹெட்டுக்கு முதலில் பிரஷர் டெஸ்ட். வெடிப்பு இருந்தால் வால்வும் சீட்டும் வாங்கிச் செலவு செய்வதில் அர்த்தமில்லை. வெடிப்பு இல்லை என்றால் கைடு ஆட்டத்தைப் பார்த்து, வால்வு, சீட், சீல் முடிவு செய்யுங்கள். வால்வு சீல் கண்ணை மூடிக்கொண்டு புதுசுதான்.

புது கேம் ஷாஃப்ட் போட்டால், கேமின் மேல் உரசி வால்வைத் தள்ளும் டேப்பட்டும் புதுசு. பழைய டேப்பட்டின் அடிமுகம் பழைய கேமோடு தேய்ந்து பழகியது, புது கேமின் முகத்தை அது அரித்துவிடும். பழைய கேமையே திரும்பப் போடுகிறீர்கள் என்றால் ஒவ்வொரு டேப்பட்டும் தன் பழைய இடத்துக்கே போக வேண்டும்.

கியர் கேஸைத் திறக்கும்போது ஒரு சின்ன விஷயம். கேஸைப் பிளாக்கில் சரியாக உட்கார வைக்க ஒரு இரும்பு டவல் பின் அடித்திருக்கும். பழைய 5.9ல் அது ஆட்டத்தில் மெதுவாக நகர்ந்து வெளியே வந்து, ஓடும் கியருக்குள் விழுந்து கேஸையே உடைப்பது உண்டு. இதே இன்ஜின் 1989லிருந்து அமெரிக்காவில் டாட்ஜ் ராம் வண்டியில் வந்தது. அங்கே இந்தப் பின்னுக்கு கில்லர் டவல் பின் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கேஸ் திறந்திருக்கும்போதே அதை உள்ளே தட்டிவிட்டு, பக்கத்து போல்ட்டில் ஒரு சின்னத் தகட்டைச் சேர்த்து முறுக்கி அது வெளியே வராமல் தடுத்துவிடுங்கள். பத்து நிமிட வேலை.

எட்டாம் படி: கேஸ்கெட், போல்ட், கூலிங்

பிளாக் முகத்தை எவ்வளவு ஃபேசிங் எடுத்தார்கள் என்று லேத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எடுத்த அளவுக்குப் பிஸ்டன் மேலே ஏறி நிற்கும். அதைச் சரிக்கட்ட 0.25, 0.50 கூடுதல் தடிமனுள்ள ஹெட் கேஸ்கெட் கிடைக்கிறது. சாதாரண கேஸ்கெட் போட்டால் பிஸ்டன் ஹெட்டிலோ வால்விலோ தட்டும். ஹெட் போல்ட்டுகள் இழுபட்டு நீளமாகியிருக்கும், நீளம் அளந்து எல்லைக்குள் இருப்பதை மட்டும் போடலாம். சந்தேகம் வந்தால் முழு செட்டும் புதுசு.

வாட்டர் பம்ப், கோர் பிளக், பெல்ட், ஹோஸ், எல்லாம் இன்ஜின் வெளியே இருக்கும்போதே மாற்றிவிடுவது லாபம். தெர்மோஸ்டாட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. "நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு" என்று கழற்றி எறிகிறார்கள். இன்ஜின் குளிர்ந்தே ஓடினால் டீசல் ஆயிலில் கலக்கும், போர் வேகமாகத் தேயும். அது மட்டுமல்ல, தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் பைபாஸ் வழி திறந்தே கிடக்கும், தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றும். வண்டி சூடாகிறது என்றால் ரேடியேட்டரைப் பாருங்கள், தெர்மோஸ்டாட்டைத் திட்டாதீர்கள்.

ஒன்பதாம் படி: நாசில், டீசல் பம்ப், டர்போ

பம்பையும் நாசிலையும் நம்பகமான பம்ப் ரூமுக்கு அனுப்பி சிபிஎல்லுக்கு உரிய அளவில் செட் செய்யச் சொல்லுங்கள். புது இன்ஜினுக்கு "கொஞ்சம் டீசல் ஏத்தி வைங்க" என்று கேட்காதீர்கள். நாசிலுக்கு அடியில் இருக்கும் செம்பு வாஷர் சரியான தடிமனில், ஒன்றே ஒன்று. பழைய வாஷர் துளைக்குள்ளேயே ஒட்டியிருப்பதைக் கவனிக்காமல் அதன் மேல் புதுசைப் போட்டால் நாசில் உயர்ந்து நின்று டீசலைத் தப்பான இடத்தில் தெளிக்கும்.

டர்போவில் ஷாஃப்ட் ஆட்டம், சக்கரம் ஹவுசிங்கில் உரசிய தடம் பாருங்கள். சக்கரம் உடைந்திருந்தால் இன்டர்கூலரையும் கழற்றித் துண்டுகளை எடுக்காமல் புது டர்போ போடக் கூடாது.

பத்தாம் படி: எதைப் புதுசு, எதைப் பழசு, எங்கே வாங்குவது

வண்டி கம்பெனி பெட்டியில் வருவது மட்டும்தான் நல்ல பார்ட் என்பதில்லை. பிஸ்டனுக்கு இந்தியா பிஸ்டன்ஸ், பேரிங்குக்கு கோவையின் பைமெட்டல், வால்வுக்கு ரானே, கேஸ்கெட்டுக்கு டால்ப்ராஸ் என்று தங்கள் பெயரிலேயே செய்பவர்கள் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட பெயர்களில் போலி வருவதுதான் தொல்லை. பெட்டியின் எழுத்துப் பிழை, மங்கிய அச்சு, ஒட்டாத ஹாலோகிராம், வழக்கத்தைவிட ரொம்பக் குறைந்த விலை, பில் தரத் தயங்குவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் வேறு கடைக்குப் போங்கள். ஜிஎஸ்டி பில்லில் பார்ட் நம்பரையே எழுதச் சொல்லி வாங்குங்கள். பார்ட் கெட்டால் பேச அது ஒன்றுதான் ஆதாரம்.

பழைய மார்க்கெட்டில் பிளாக், ஹெட், கிராங்க், கன்ராட் செட், சம்ப், ஃப்ளைவீல் வாங்கலாம். வெடிப்பு சோதனை முடிந்த பிறகே பணம் என்று பேசிக்கொள்ளுங்கள். பேரிங், ரிங், கேஸ்கெட், ஆயில் கூலர், கன்ராட் போல்ட் இவற்றைப் பழசில் தொடவே தொடாதீர்கள். பிளாக்கை மாற்றினால் இன்ஜின் நம்பர் மாறும். ஆர்டிஓவில் தெரிவித்து ஆர்சியில் ஏற்றாவிட்டால் எஃப்சியிலும் இன்ஷூரன்ஸிலும் மாட்டிக்கொள்வீர்கள். அந்தப் பழைய பிளாக் எந்த வண்டியிலிருந்து வந்தது என்ற தாளும் கையில் இருக்க வேண்டும்.

பணம் பற்றாவிட்டால் என் வரிசை இது: முதலில் கிராங்க், பேரிங், ஆயில் பக்கம். அடுத்து போர், பிஸ்டன், ரிங். அப்புறம் ஹெட், நாசில். டைனமோ, ஸ்டார்ட்டர், பெயின்ட் எல்லாம் அடுத்த மாதம்கூடப் பார்த்துக்கொள்ளலாம்.

கட்டி முடித்த பிறகு

வால்வு டேப்பட் இடைவெளி, இன்ஜின் குளிர்ந்த நிலையில் இன்லெட் 0.25, எக்ஸாஸ்ட் 0.51 மில்லிமீட்டர். 15டபிள்யூ-40, சிஐ-4 தரத்தில் நல்ல ஆயில். டர்போவின் ஆயில் வாயில் கொஞ்சம் ஆயில் ஊற்றி, ஸ்டாப்பை இழுத்துப் பிடித்தபடி விட்டு விட்டு ஸ்டார்ட்டர் அடித்து, ஆயில் கேஜ் முள் எழுந்த பிறகே இன்ஜினை எழுப்புங்கள். எழுந்ததும் மணிக்கணக்கில் ஐடிலில் விடாதீர்கள், ரிங் உட்காராது, போர் கண்ணாடி மாதிரி பளபளத்துவிடும். கசிவு பார்த்துவிட்டு ரோட்டுக்கு எடுங்கள், நடுத்தர லோடோடு ஆர்பிஎம்மை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள்.

முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றுங்கள். கழற்றிய ஃபில்டரைக் குப்பையில் போடாமல் வெட்டி, உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தை வெளியே எடுத்துப் பிழிந்து, வெயிலில் விரித்துப் பாருங்கள். ஹோனிங்கின் மெல்லிய கரும்பொடி கொஞ்சம் இருந்தால் சரி. மினுமினுக்கும் செதில் ஒன்று தென்பட்டாலும் வண்டியை லோடுக்கு அனுப்பாமல் சம்பைக் கழற்றி, ஒவ்வொரு கன்ராட் கேப்பாகத் திறந்து பாருங்கள்.